எந்தக் கருவி நெடுநாள் உழைக்கும்?

 

இன்றைய பேச்சு கருவிகளைப் பற்றியது. வயலிலும் தோட்டத்திலும் பட்டறையிலும் கட்டட வேலையிலும் பயன்படும் சின்னச் சின்ன இயந்திரங்களைப் பற்றியது.

ஒரு காலத்தில் கைக்கருவிகள் மட்டுமே இருந்தன. மண்வெட்டி, அரிவாள், ரம்பம், உளி. காம்பு உடைந்தால் வேறு காம்பு போடலாம். முனை மழுங்கினால் கொல்லர் அடித்துத் தருவார். தாத்தா வாங்கிய மண்வெட்டியைப் பேரனும் பிடித்தான்.

இன்று பல வேலைகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. உடம்பு வலி குறைந்தது. ஒரு நாள் வேலை அரை நாளில் முடிகிறது. ஆனால் ஒரு கவலையும் கூடவே வந்துவிட்டது. இந்த இயந்திரம் எத்தனை நாள் உழைக்கும்?

இது சின்னக் கவலை அல்ல. ஏழைக் குடும்பம் கையில் பணம் வைத்துக்கொண்டு இயந்திரம் வாங்குவதில்லை. குழுவில் கடன் வாங்குகிறது. வங்கியில் கடன் வாங்குகிறது. மாதாமாதம் தவணை கட்டுகிறது. கடன் தீரும் முன்பே கருவி கெட்டுவிட்டால் என்ன ஆகும்? கருவி மூலையில் கிடக்கும். தவணை மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

மூன்று வகைக் கருவிகள்

சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து இக்கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வயர் உள்ள மின்கருவி. சுவரில் உள்ள பிளக்கில் சொருகினால் ஓடும். கட்டட வேலையில் சுவரைத் துளைக்கும் டிரில்லிங் மெஷின் இந்த வகை. இந்தியாவின் எல்லா நகரங்களிலும் இதன் சத்தம் கேட்கும்.

இரண்டாம் வகை, பெட்ரோலில் ஓடும் கருவி. கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் காப்பித் தோட்டங்களில் பெட்ரோல் களைவெட்டி ஓடுகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில் உயரமான மரங்களுக்கு எஞ்சின் வைத்த தெளிப்பானால் மருந்து அடிக்கிறார்கள்.

மூன்றாம் வகை, பேட்டரிக் கருவி. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாப் பகுதியில் பருத்தி விளைகிறது. அங்கே முதுகில் மாட்டும் பேட்டரித் தெளிப்பானைப் பார்க்கலாம். மரக்கிளைகளைக் கவாத்து செய்யும் பேட்டரிக் கத்தரியும் இப்போது கிடைக்கிறது. வயர் இல்லாத டிரில்லிங் மெஷினும் கிடைக்கிறது.

பேட்டரிக் கருவி புதிதாகத் தெரியலாம். ஆனால் அதன் கதை பழையது. ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளான்தே என்பவர் செய்தார். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். எடை குறைந்த லித்தியம் அயன் பேட்டரி 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் சாகும் பாகம் எது?

இந்த மூன்றில் எது நெடுநாள் உழைக்கும்? ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சரியான கேள்வியைக் கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேர் பெரியது. அச்சாணி சிறியது. அச்சாணி போனால் தேர் நின்றுவிடும். வேறு அச்சாணி கிடைத்தால் தேர் மறுபடி ஓடும்.

கருவியும் அப்படித்தான். ஒரு கருவியின் எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் கெடுவதில்லை. ஏதோ ஒரு பாகம் முதலில் கெடுகிறது. ஆகவே கருவி வாங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலில் கெடும் பாகம் எது?
அது பக்கத்து ஊரில் கிடைக்குமா?
அதன் விலை என்ன?
அதை மாற்றித் தரத் தெரிந்தவர் யார்?

இந்தக் கேள்விகளோடு மூன்று வகைகளையும் பார்ப்போம்.

வயர் உள்ள கருவி

டிரில்லிங் மெஷினுக்குள் ஒரு மோட்டார் சுற்றுகிறது. சுற்றும் பாகத்துக்கு ஆர்மேச்சர் என்று பெயர். அதற்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கரித் துண்டுகள் உண்டு. அவை கார்பன் பிரஷ் எனப்படும். மோட்டார் சுற்றச் சுற்ற இந்தக் கரி தேயும். பென்சில் தேய்வதுபோலத் தேயும். தேய்ந்தால் உள்ளே நெருப்புப் பொறி அதிகமாகத் தெரியும். மெஷின் விட்டுவிட்டு ஓடும்.

முதலில் கெடும் பாகம் இதுதான். அதன் விலை மிகவும் குறைவு. மின்சாமான் கடையில் கிடைக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். சுவிட்சும் வயரும் அடுத்துக் கெடும். அவற்றையும் மாற்றலாம். ஆர்மேச்சர் எரிந்துபோனாலும் வைண்டிங் கடையில் புதிதாகச் சுற்றித் தருவார்கள்.

இதனால் வயர் உள்ள கருவி பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் மறுபடி சொருகினால் ஓடும்.

ஆனால் இதற்கும் எதிரிகள் உண்டு. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவு இருக்க வேண்டும். அது மிகவும் குறைந்தால் மோட்டார் திணறும், சூடாகும். மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்தாலும் இதே கேடுதான். மெஷினை அழுத்தி அழுத்தி வேலை வாங்கினாலும் எரிந்துபோகும். வயரில் ஒட்டுப் போட்டு ஈரத்தில் பிடித்தால் கருவி மட்டுமல்ல, ஆளும் போய்விடுவார். மின்சாரம் எட்டாத வயலில் இந்தக் கருவியால் பயன் இல்லை.

பெட்ரோல் கருவி

பெட்ரோல் எஞ்சினில் பாகங்கள் அதிகம். பிளக், கார்புரேட்டர், காற்று வடிகட்டி, பிஸ்டன், ரிங் என்று பல பாகங்கள் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றையும் மாற்ற முடியும். பெரிய ஊர்களில் இதற்கு மெக்கானிக் இருக்கிறார். சரியாகப் பராமரித்தால் இந்த எஞ்சின் பல பருவங்கள் உழைக்கும். மின்சாரம் இல்லாத மலையிலும் ஓடும். நாள் முழுவதும் ஓடும்.

பல களைவெட்டிகளில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பல இயந்திரங்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். சிலவற்றுக்கு 40 மில்லி. இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பத்து ஆண்டு உழைக்க வேண்டிய எஞ்சின் பத்து நிமிடத்தில் போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினும் உண்டு. அதில் எண்ணெய் தனி இடத்தில் ஊற்றப்படும். பெட்ரோலில் கலக்கக் கூடாது.

இன்னொரு செய்தியும் முக்கியம். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இந்தப் பெட்ரோலைப் பல மாதம் டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பழைய இயந்திரங்களில் ரப்பர் பாகங்கள் கெடலாம். ஆகவே பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்ய வேண்டும். பிறகு இயந்திரத்தை ஓட்டி, தானாக நிற்கும்வரை விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரும் காலியாகும்.

பெட்ரோல் புகை நஞ்சு. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது.

பேட்டரிக் கருவி

பேட்டரிக் கருவி சத்தம் குறைந்தது. புகை இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை. பெண்களும் முதியவர்களும் எளிதாகக் கையாளலாம். விலை உயர்ந்த சில கருவிகளில் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரே இருக்கிறது. தேய்வதற்குக் கரியே இல்லாததால் அந்த மோட்டார் நெடுநாள் ஓடும்.

அப்படியானால் இந்தக் கருவியில் முதலில் சாவது எது? பேட்டரிதான். மோட்டார் நன்றாக இருக்கும். உடல் நன்றாக இருக்கும். பேட்டரி மட்டும் செத்துப்போகும்.

பேட்டரிக்கு இரண்டு விதமாக வயது ஆகிறது. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் கொஞ்சம் வயது ஆகிறது. வேலை செய்யாமல் சும்மா இருந்தாலும் வயது ஆகிறது. வெயிலும் சூடும் இந்த வயதை வேகமாக்கும்.

விலை குறைந்த தெளிப்பான்களில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய பேட்டரி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அடியோடு இறக்கினால் சில நூறு தடவைதான் இது தாங்கும். இதை இறங்கிய நிலையில் போட்டுவைப்பது பெரிய தவறு. உள்ளே ஈயத் தகட்டின் மேல் உப்புப்போல ஒரு படலம் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. பல தெளிப்பான்கள் உழைத்துக் கெடுவதில்லை. அறுவடை முடிந்து மூலையில் கிடந்தே கெடுகின்றன.

ஆகவே ஈய பேட்டரிக்கு ஒரே விதிதான். வேலை முடிந்த அன்றே சார்ஜ் செய்ய வேண்டும். சும்மா இருக்கும் காலத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் செய்ய வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு விதி வேறு. நெடுநாள் வைக்கும்போது அதை நிறைய ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடிச் சூடான பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். இமாச்சலம்போலப் பனி உறையும் இடங்களில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் தணிந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். உறைபனிக் குளிரில் சார்ஜ் செய்தால் அதன் உள்பாகம் கெடும்.

வீட்டில் இருப்பது எந்த பேட்டரி? அதன் மேல் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கருவியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

பருத்தி விளையும் ஊரில் ஒரு மகளிர் குழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழு ஒரு பேட்டரித் தெளிப்பான் வாங்குகிறது. ஆறு ஆண்டு அதைப் பயன்படுத்த நினைக்கிறது. கணக்குக்காகக் கருவியின் விலை 3,000 ரூபாய் என்றும், தனி பேட்டரியின் விலை 1,000 ரூபாய் என்றும் கொள்வோம்.

முதல் வழி. பேட்டரியை நன்றாகப் பராமரிக்கிறார்கள். ஒரு பேட்டரி இரண்டு ஆண்டு வருகிறது. ஆறு ஆண்டுக்கு மூன்று பேட்டரி வேண்டும். முதல் பேட்டரி கருவியோடு வந்தது. இன்னும் இரண்டு வாங்க வேண்டும். மொத்தம் 5,000 ரூபாய்.

இரண்டாம் வழி. பேட்டரியைக் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு பேட்டரி சாகிறது. இன்னும் ஐந்து வாங்க வேண்டும். மொத்தம் 8,000 ரூபாய்.

மூன்றாம் வழி. நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள். இரண்டு ஆண்டு வருகிறது. ஆனால் அந்தக் கருவிக்கு வேறு பேட்டரி சந்தையில் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கருவியையே புதிதாக வாங்க வேண்டும். ஆறு ஆண்டுக்கு மூன்று கருவி. மொத்தம் 9,000 ரூபாய்.

மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் வித்தியாசம் 3,000 ரூபாய். கவனக்குறைவின் விலை ஒரு புதுக் கருவி. மூன்றாம் வழி இன்னும் மோசம். நன்றாகப் பராமரித்தும் நட்டம். காரணம், பாகம் கிடைக்கவில்லை.

இது கற்பனை ஆபத்து அல்ல. ஈய பேட்டரி பொதுவான அளவில் வருகிறது. பல கடைகளில் கிடைக்கும். ஆனால் லித்தியம் பேட்டரி டப்பாக்கள் பெரும்பாலும் ஒரு கம்பெனிக் கருவிக்கு மட்டுமே பொருந்தும். ஒரு கம்பெனியின் டப்பா இன்னொரு கம்பெனிக் கருவியில் உட்காராது. கம்பெனி அந்த மாதிரியை நிறுத்திவிட்டால் நல்ல மோட்டாரும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

மின்சாரச் செலவையும் பார்த்துவிடுவோம். 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி உள்ள பேட்டரியில் ஏறக்குறைய நூறு வாட் மணி மின்சாரம் அடங்கும். அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் செலவு மிகக் குறைவு. பெட்ரோல் கருவி தினமும் பணம் கேட்கும். பேட்டரிக் கருவி தினமும் கேட்காது. ஆனால் பேட்டரி சாகும் நாளில் மொத்தமாகக் கேட்கும். அந்த நாளுக்காக மாதம் ஐம்பது ரூபாய் குழுவிலேயே சேமித்து வைக்கலாம். இருபது மாதத்தில் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும்.

ஒழுகும் கருவி உயிரைக் குடிக்கும்

கருவியின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது ஆளின் ஆயுளை மறக்கக் கூடாது.

2017ஆம் ஆண்டில் விதர்ப்பாவின் யவத்மால் மாவட்டத்தில் பெருந்துயரம் நடந்தது. பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இறந்தவர்களில் விவசாயிகளும் உண்டு, கூலி ஆட்களும் உண்டு.

எந்தத் தெளிப்பானிலும் வாஷர் தேயும். குழாய் விரியும். மூடி இறுகாமல் போகும். மோட்டார் ஓடுகிறது என்பதற்காக அந்தக் கருவி நன்றாக இருப்பதாக எண்ணக் கூடாது. மருந்து முதுகில் ஒழுகினால் அது தோல் வழியாக உடம்புக்குள் போகும். ஒரு வாஷரின் விலை சில ரூபாய்தான். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். ஒழுகினால் அன்று மருந்து அடிக்காதீர்கள். கையுறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் எந்தக் கருவியாலும் மருந்து அடிக்கக் கூடாது.

எதை வாங்கலாம்?

மின்சாரம் பக்கத்தில் இருக்கிறது, ஒரே இடத்தில் வேலை. அப்படியானால் வயர் உள்ள கருவி போதும். விலையும் குறைவு, ஆயுளும் அதிகம்.

வேலை நடக்கும் இடம் தொலைவு, நாள் முழுவதும் கடுமையான வேலை, உயரமான மரம். அங்கே பெட்ரோல் கருவி உதவும். மெக்கானிக் அருகில் இருக்க வேண்டும்.

சிறு நிலம், தினமும் சில மணி நேர வேலை, வீட்டில் இரவில் மின்சாரம் உண்டு. அங்கே பேட்டரிக் கருவி நல்லது. பேட்டரி தனியாகக் கிடைக்க வேண்டும்.

ஆண்டில் நான்கு நாள்தான் வேலை என்றால் எதையும் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கலாம். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15இல் தொடங்கியது. அதன் உதவியோடு பல இடங்களில் இயந்திர வாடகை மையங்கள் நடக்கின்றன. வேளாண் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாத அட்டையைக் கடையிலேயே படியுங்கள். கருவிக்கு ஓர் ஆண்டு என்று பெரிதாக எழுதியிருக்கலாம். பேட்டரிக்கு ஆறு மாதம் என்று சிறிதாக எழுதியிருக்கலாம். பேட்டரி தனியாக என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டு, பில்லின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். கடன் தவணைக் காலம் பேட்டரியின் ஆயுளைவிடக் குறைவாக இருக்கட்டும்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவிகளும் அதில் அடங்கும். பாகம் கேட்பது பிச்சை அல்ல. விலை கொடுத்தவரின் உரிமை.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

ஈயம் கொடிய நஞ்சு. அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். பழைய பேட்டரியை வீட்டில் உடைக்கக் கூடாது. உருக்கக் கூடாது. கிணற்றோரம் வீசக் கூடாது. லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கும்.

2022ஆம் ஆண்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை என்று அந்த விதிகள் சொல்கின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். ஈய பேட்டரிக்குப் பெரும்பாலும் விலையில் கொஞ்சம் கழித்தும் தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

நண்பர்களே! ஊரில் யாராவது ஒருவர் அடுத்த மாதம் ஒரு கருவி வாங்கப் போகலாம். இங்கே சொன்ன நான்கு கேள்விகளையும் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எது முதலில் கெடும்? எங்கே கிடைக்கும்? என்ன விலை? யார் மாற்றித் தருவார்? அந்தத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டிப் பதிலை எழுதி வாங்கட்டும். பதில் வந்த பிறகு பணத்தை எடுக்கட்டும்.